எண்ணுக்கு மாலை சூட்டிய மகாவீராசாரியர்

மகாவீரர் என்னும் திருப்பெயரைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழுந்தருள்பவர் இருபத்துநான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமானப் பெருமானே. அப்பெருமான் வீடுபேறு எய்தி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், அத்திருப்பெயரையே தாங்கிய ஆசாரியர் ஒருவர் தென்னாட்டில் வாழ்ந்தார். அவரைக் கணித உலகம் மகாவீராசாரியர் என்று போற்றுகின்றது. கணிதசாரசங்கிரகம் என்னும் வடமொழி நூல் அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். திருநாள் மலரில் அறவோர் வரலாறுகளைப் படித்து மகிழும் நம் குடும்பத்தார், எண்ணையும் அறத்தையும் ஒருங்கே போற்றிய இப்பெருந்தகையின் வரலாற்றையும் அறிந்துகொள்ளுதல் நன்று.

காலமும் நாடும்

மகாவீராசாரியர் தம் பெற்றோர் பெயரையோ பிறந்த ஊரையோ நூலில் எழுதிவைக்கவில்லை. தம்மைப் பற்றி ஒன்றும் கூறாத அவர், தம் காலத்து வேந்தனைப் பற்றி மட்டும் நூலின் தொடக்கத்தில் சில செய்யுட்களில் பாராட்டியுள்ளார். அவ்வேந்தன் இராட்டிரகூட மரபில் வந்த அமோகவர்ஷ நிருபதுங்கன். 814 அளவில் இளஞ்சிறுவனாக அரியணை ஏறிய அம்மன்னன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். அவனுடைய தலைநகரம் மான்யகேடம். இன்று கர்நாடக மாநிலத்துக் கலபுரகி மாவட்டத்தில் மல்கேடு என்னும் சிற்றூராக அது விளங்குகின்றது. இக்குறிப்பைக் கொண்டே ஆசாரியர் நூல் செய்த காலம் 850ஆம் ஆண்டை ஒட்டியது என அறிஞர் கணித்தனர்.

அக்காலம் சமண சமயத்திற்கு ஒரு பொற்காலம். வீரசேன ஆசாரியர் சட்கண்டாகமத்திற்குத் தவளை என்னும் பேருரையை 816இல் நிறைவு செய்தார். அவர் தொடங்கிய ஜயதவளை உரையை அவருடைய மாணாக்கர் ஜினசேனர் 837இல் முடித்தார். அந்த ஜினசேனரே அமோகவர்ஷனுக்கு ஞானாசிரியராகவும் விளங்கினார். அவர் பாடத் தொடங்கி, அவருடைய மாணாக்கர் குணபத்திரர் நிறைவு செய்த மகாபுராணத்தைத் தழுவியே நம் தமிழ் ஸ்ரீபுராணம் எழுந்தது. ஆகவே, நம் இல்லங்களிலும் ஜினாலயங்களிலும் ஸ்ரீபுராணம் படிக்கப்படும்போதெல்லாம், மகாவீராசாரியர் வாழ்ந்த அதே காலத்து அறிவுச் சூழலின் பயனையே நாம் நுகர்கின்றோம்.

சமணர் எண்ணை நாடியது ஏன்?

வணிகர்க்குக் கொள்முதலும் விற்பனையும் கணக்கிட எண் வேண்டும். உழவர்க்கு நிலம் அளக்க வேண்டும். இல்லறமும் பற்றும் துறந்த முனிவர்க்கு எண் எதற்கு என்னும் வினா எழலாம். அதற்கு விடை நம் ஆகமங்களிலேயே உள்ளது. உயிர்கள் எத்தனை வகையின, அவை எத்துணை அளவின, உலகத்தின் நீள அகலம் யாது, வினையின் கட்டு எத்துணைக் காலம் நிற்கும் என்றெல்லாம் ஆராய்ந்தவர்கள் நம் முன்னோர். அளவு தெரியாமல் பொருளின் இயல்பு முழுதும் தெரியாது என்பது அவர்கள் கொள்கை. பொருளை உள்ளவாறு அறிதலே நல்ஞானம் ஆதலின், எண்ணைப் பிழையின்றி அறிதலும் நல்ஞானத்தின் ஓர் உறுப்பாயிற்று.

இதனால் அவர்கள் எண்களை வகைப்படுத்தினர். எண்ணத்தக்கது சங்க்யாதம், எண்ணுக்கு அடங்காதது அசங்க்யாதம், முடிவே இல்லாதது அனந்தம். சங்க்யாதத்தைக் கடை, இடை, தலை என மூன்றாகவும், அசங்க்யாதத்தை ஒன்பதாகவும், அனந்தத்தை ஒன்பதாகவும் பிரித்து, ஆக இருபத்தொரு வகை கண்டனர். இவ்வகைப்பாட்டில் எண்ணத்தக்கது இரண்டிலிருந்தே தொடங்குகின்றது. ஒன்று தனித்து நிற்பது. அதனை எண்ண வேண்டுவதில்லை. எண்ணுக்கு அடங்காததையும் முடிவில்லாததையும் வெவ்வேறாகக் கண்ட நுட்பம் இன்றைய கணித அறிஞரையும் வியக்கச் செய்கின்றது.

பேரெண் ஒன்றின் இயல்பை அவர்கள் எவ்வாறு ஆராய்ந்தனர் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இரண்டை வர்க்கமாக்கினால் 4. அதனை வர்க்கமாக்கினால் 16. மீண்டும் 256. மீண்டும் 65,536. ஐந்தாம் முறை கிடைப்பது 4,29,49,67,296. இந்த ஐந்தாம் வர்க்கத்தை மும்முறை வைத்துப் பெருக்கினால் வருவது 79228162514264337593543950336 என்னும் 29 இலக்க எண். முழுவளர்ச்சி பெற்ற மனிதர்களின் தொகையாக நம் நூல்கள் இவ்வெண்ணைக் கூறுகின்றன. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி தம் கோம்மடசாரத்தில் இந்த 29 இலக்கங்களையும் எழுத்துகளில் மறைத்து ஒரு செய்யுளாகவே அமைத்துள்ளார்.

இவ்வெண்ணைச் சரிபாதியாக்கிக்கொண்டே சென்றால், 96ஆம் முறையில் ஒன்று எஞ்சும். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதற்கு அர்த்தச்சேதம் என்று பெயரிட்டு, வீரசேனர் தம் தவளையில் அதன் விதிகளை விளக்கியுள்ளார். இதன்படி மேற்கண்ட எண்ணின் அர்த்தச்சேதம் 96. வாயால் சொல்ல முடியாத பேரெண் ஒன்றை 96 என்னும் சிற்றெண்ணால் பிடித்துவிடும் திறம் இது. ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய மடக்கைக் கணக்கின் கருத்து இதனுள் அடங்கியிருப்பதைக் கணித வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இத்தகைய மரபில் வந்தவரே மகாவீராசாரியர். எண்ணாராய்ச்சி ஆகமங்களின் உரைகளுக்குள் முனிவர்க்கு மட்டும் உரியதாக அடங்கியிருந்த நிலையில், அதனை ஒரு தனி நூலாக்கி, கற்க விரும்பும் எவர்க்கும் உரியதாக்கினார். அவருடைய வாழ்வின் பெரும்பணி இதுவே.

கணிதசாரசங்கிரகம்

இந்நூல் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட செய்யுட்களால் ஆனது. ஒன்பது அதிகாரங்களை உடையது. கலைச்சொற்கள், அடிப்படைக் கணக்குகள், பின்னங்கள், பலவகைப் பின்னக் கணக்குகள், மூன்றன் விதி, கலப்புக் கணக்குகள், நில அளவை, அகழ்வு அளவை, நிழல் அளவை என்பன அவை. அக்காலத்தில் கணிதம் பெரும்பாலும் வானநூலின் ஒரு பகுதியாகவே எழுதப்பட்டு வந்தது. ஆரியபட்டரும் பிரமகுப்தரும் அவ்வாறே செய்தனர். மகாவீராசாரியரோ வானநூலோடு கலவாமல் கணிதத்திற்கென்றே முழுநூல் யாத்தார்.

உலகுக்கு எண்ணறிவாகிய விளக்கை ஏற்றிய வர்த்தமானப் பெருமானை வணங்கி அவர் நூலைத் தொடங்குகின்றார். பின்னர்க் கணிதம் பயன்படும் துறைகளை அடுக்கிச் சொல்லுகின்றார். பொருள்நூல், இசை, கூத்து, சமையல், மருத்துவம், கட்டடக் கலை, யாப்பு, இலக்கணம் ஆகிய எதுவும் எண்ணின்றி இயங்காது என்கின்றார். தீவுகள், கடல்கள், மலைகள், தேவருலகம், நரகம் ஆகியவற்றின் அளவையும் எண்ணாலேயே அறிய வேண்டும் என்கின்றார். கடலிலிருந்து மணியையும், பாறையிலிருந்து பொன்னையும், சிப்பியிலிருந்து முத்தையும் எடுப்பதுபோல், முன்னோர் நூல்களிலிருந்து சாரத்தை எடுத்துத் தந்ததாக அடக்கத்தோடு கூறிக்கொள்கின்றார்.

கணித வல்லார்க்கு வேண்டிய பண்புகள் எட்டினையும் அவர் வகுத்துள்ளார். விரைந்து செய்தல், முன்னுணர்ந்து ஆராய்தல், தவறானதை நீக்குதல், சோம்பலின்மை, பொருளை உணர்தல், உணர்ந்ததை மனத்தில் நிறுத்தல், புதிய வழி காணுதல், விடையை எண்ணால் தெளிவாக்குதல் என்பன அவை. இவ்வெட்டும் கணிதத்திற்கு மட்டுமன்றி எக்கல்விக்கும் பொருந்துவனவே.

எண்ணின் இடங்களுக்கு அவர் சூட்டிய பெயர்கள் 24. ஏகம், தசம், சதம், சகச்சிரம், தசசகச்சிரம், இலட்சம், தசலட்சம், கோடி, தசகோடி, சதகோடி, அர்ப்புதம், நியர்ப்புதம், கர்வம், மகாகர்வம், பதுமம், மகாபதுமம், க்ஷோணி, மகாக்ஷோணி, சங்கம், மகாசங்கம், க்ஷிதி, மகாக்ஷிதி, க்ஷோபம், மகாக்ஷோபம் என்று அவை செல்லும். ஒவ்வோர் இடமும் முன்னதைப் போல் பத்து மடங்கு. கடைசி இடமான மகாக்ஷோபம் என்பது ஒன்றின்பின் 23 பூச்சியங்கள் இட்டது. வேறு கணித நூலோர் பலர் 18 இடங்களோடு நின்றுவிட, இவர் 24 வரை சென்றார். தீர்த்தங்கரர் இருபத்துநால்வரை நாள்தோறும் நினைந்து வணங்கும் நமக்கு அவ்வெண் ஒரு தனி மகிழ்ச்சியைத் தருவது இயல்பே.

மலர் கொண்டு தொடங்கிய கணக்கு

பெருக்கலைக் கற்பிக்க ஆசாரியர் எடுத்துக்கொண்ட முதற் கணக்கே ஜினாலய வழிபாட்டைப் பற்றியது. ஒரு ஜினாலயத்திற்கு எட்டுத் தாமரை மலர்கள் வீதம் 144 ஜினாலயங்களுக்கு எத்தனை மலர்கள் வேண்டும் என்று அவர் வினவுகின்றார். விடை 1,152. அடுத்து ஒரு கோயிலுக்கு 139 புட்பராகக் கற்கள் வீதம் 109 கோயில்களுக்கு எத்தனை எனக் கேட்கின்றார். விடை 15151. இவ்விடையை இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் மாற்றமில்லை. மாணாக்கன் வியப்படையத் தொடங்கும் இடம் இதுவே.

தமிழ்ச் செய்யுளில் மாலைமாற்று என்றொரு வகை உண்டு. முதலிலிருந்து படித்தாலும் முடிவிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமைவது அது. மகாவீராசாரியர் எண்ணிலே மாலைமாற்று அமைத்தார். அத்தகைய விடைகளைக் கழுத்தணி என்றே பெயரிட்டு அழைத்தார். இருபுறமும் ஒத்த மணிகள் கோத்த மாலைக்கு அவை ஒப்பாதலின் அப்பெயர் பொருத்தமாயிற்று.

142857143 என்னும் எண்ணை 7ஆல் பெருக்கினால் 1000000001 வரும். இருமுனையிலும் ஒவ்வொரு மணியும் இடையில் எட்டுப் பூச்சியங்களும் கொண்ட மாலை இது. 12345679 என்னும் எண்ணை 9ஆல் பெருக்கினால் 111111111 வரும். பெருக்கப்படும் எண்ணில் எட்டு என்னும் இலக்கம் மட்டும் விடுபட்டிருப்பதைக் கவனித்தல் வேண்டும். 333333666667 என்பதை 33ஆல் பெருக்கினால் 11000011000011 வரும். இவை யாவும் ஆசாரியர் தந்த கணக்குகளே.

இம்மாலைகளுள் சிறந்த ஒன்றை விரிவாகக் காண்போம். 27994681 என்னும் எண்ணை 441ஆல் பெருக்குமாறு அவர் கூறுகின்றார். நானூறால் பெருக்கினால் 11197872400. நாற்பதால் பெருக்கினால் 1119787240. ஒன்றால் பெருக்கினால் 27994681. இம்மூன்றையும் கூட்டினால் வருவது 12345654321. ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறி, மீண்டும் முறையே ஒன்றுவரை இறங்கும் எண் இது. நடுவில் பெருமணியும் இருபுறமும் படிப்படியாகச் சிறுத்துவரும் மணிகளும் கொண்ட மாலையைப் போன்றது. நம் வழக்கில் 1,234 கோடியே 56 இலட்சத்து 54 ஆயிரத்து 321 என்று படிக்கலாம். ஆசாரியர் வகுத்த இடப்பெயர்களில் அதன் முதல் இலக்கம் அர்ப்புதத்தின் இடத்தில் நிற்கும்.

இவ்வழகு தற்செயலாக வந்ததா? அன்று. 11ஐ வர்க்கமாக்கினால் 121. 111ஐ வர்க்கமாக்கினால் 12321. 1111ஐ வர்க்கமாக்கினால் 1234321. அவ்வாறே ஆறு ஒன்றுகள் கொண்ட 111111ஐ வர்க்கமாக்கினால் 12345654321. ஆசாரியர் தந்த இரண்டு எண்களையும் நோக்கினால் மற்றொரு நுட்பமும் விளங்கும். 441 என்பது 21இன் வர்க்கம். 27994681 என்பது 5291இன் வர்க்கம். 21ஐயும் 5291ஐயும் பெருக்கினால் 111111. வர்க்கத்தை வர்க்கத்தால் பெருக்கி வர்க்கம் காணுமாறு இக்கணக்கு அமைந்துள்ளது. நேராக 111111ஐ வர்க்கமாக்கச் சொல்லியிருந்தால் விடையின் அழகு முன்னரே தெரிந்துவிடும். அவர் தந்த இரு எண்களிலோ எந்த ஒழுங்கும் வெளிப்படையாகத் தோன்றவில்லை. உழைத்துப் பெருக்கியவனுக்கே மாலை கிடைக்கின்றது. இடையில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் மாலை அறுந்துவிடும். செய்தது தவறென்று மாணாக்கன் தானே அறிந்துகொள்வான். ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் விடையே ஆசிரியராக நின்று திருத்தும் முறை இது.

இன்றைய கணித வகைப்பாட்டில் இவ்வெண் எங்கு நிற்கும் என்பதையும் பார்ப்போம். இது ஒற்றைப்படை எண். முழு வர்க்க எண். பகா எண் அன்று, பகு எண். 3, 7, 11, 13, 37 என்னும் ஐந்து பகா எண்கள் ஒவ்வொன்றும் இருமுறை பெருகி இதனை ஆக்குகின்றன. இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 243. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 36. அதுவும் ஆறின் வர்க்கம். முன்னர்க் கண்ட 29 இலக்கப் பேரெண்ணோடு இதனை ஒப்பிட்டால் வேற்றுமை நன்கு புலப்படும். அதுவும் முழு வர்க்கமே. ஆயினும் அது இரட்டைப்படை. இரண்டு என்னும் ஒரே பகா எண்ணால் ஆனது. அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 97 மட்டுமே. இலக்கங்களால் மிகச் சிறிய 12345654321க்கோ 243 உள்ளன. ஓர் எண்ணின் பெருமை அதன் நீளத்தில் இல்லை. அது எவற்றால் ஆனது என்பதிலேயே அதன் இயல்பு அடங்கியுள்ளது.

பிற சாதனைகள்

பொருள்களைப் பல வகையாகச் சேர்க்கும் வழிகளின் எண்ணிக்கைக்குப் பொதுவிதி தந்தவர்களுள் மகாவீராசாரியர் முதல்வராகக் கருதப்படுகின்றார். துவர்ப்பு, கசப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, இனிப்பு என்னும் அறுசுவையைக் கொண்டு எத்தனை வகைச் சுவைக் கலவைகள் அமைக்கலாம் என்பது அவர் தந்த கணக்கு. தனிச்சுவை 6, இருசுவை 15, முச்சுவை 20, நாற்சுவை 15, ஐஞ்சுவை 6, அறுசுவையும் கூடியது 1. ஆக 63. அடுக்களையில் நாள்தோறும் கையாளும் பொருளிலிருந்தே உயர்கணிதம் கற்பிக்கும் திறம் அவருடையது.

பின்னங்களைக் கூட்டுவதற்கு மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தும் முறையையும் அவர் விளக்கினார். இன்று பள்ளிச் சிறுவர் செய்யும் முறை அதுவே. குறை எண் எதுவும் தன் இயல்பில் வர்க்கமாகாது. ஆகவே அதற்கு வர்க்கமூலம் இல்லை என்றும் தெளிவாகக் கூறினார். நீள்வட்டத்தின் பரப்புக்கும் சுற்றளவுக்கும் வழி கூற முயன்றார். எண்களைச் செய்யுளில் குறிக்க, வினை எட்டு, தத்துவம் ஏழு, இலேசியை ஆறு என நம் சமயச் சொற்களையே பயன்படுத்தினார்.

அவர் நூலில் பிழையும் உண்டு. ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாமல் நிற்கும் என்று அவர் எழுதினார். அது தவறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் அதனை முடிவில்லாத அளவு என்று கூறினார். பூச்சியத்தால் வகுத்தலுக்குப் பொருளே இல்லை என்பது இன்றைய கணிதத்தின் முடிவு. நீள்வட்டத்தின் பரப்புக்கு அவர் கூறிய விதியும் சரியன்று. இவற்றை மறைப்பதால் அவர் பெருமை வளராது. சொல்வதால் குறையவும் குறையாது. கேவல ஞானம் எய்தியவர்க்கே பிழையற்ற முற்றறிவு உண்டு. ஏனையோர் அறிவு எல்லைக்கு உட்பட்டது என்பதே நம் சமயத்தின் கொள்கை. தவறானதை நீக்குதலும் கணித வல்லார்க்குரிய பண்பு என்று எழுதிய ஆசாரியர், தம் பிழையைப் பின்வந்தோர் திருத்தியதை ஏற்றே இருப்பார்.

நூல் பிழைத்த வரலாறு

ஆசாரியர் மறைந்தபின்னும் நூல் தென்னாட்டில் நெடுங்காலம் பயிலப்பட்டது. பதினொன்றாம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இதனைத் தெலுங்கில் ஆக்கினார். அவர் சைவர். ஆதலின் ஜினாலயக் கணக்குகளைச் சிவன் கோயில் கணக்குகளாக மாற்றிக்கொண்டார். எண்ணின் உண்மை சமய எல்லையைக் கடந்து சென்றதற்கு இது சான்று.

பின்னர்க் காலம் மாறியது. இராட்டிரகூடர் ஆட்சி பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்தது. மான்யகேடம் தன் சிறப்பை இழந்தது. ஓலையின் ஆயுள் சில நூறு ஆண்டுகளே. பூச்சியரிப்பும் ஈரமும் அதனை அழித்துவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரேனும் ஒருவர் பழைய ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதினால்தான் நூல் பிழைக்கும். ஒரு தலைமுறை தவறினாலும் அது மறைந்துபோகும். ஆயிரம் ஆண்டுகள் இந்நூல் பிழைத்தது எனின், பெயர் தெரியாத எத்தனையோ கைகள் அதனைத் திரும்பத் திரும்ப எழுதின என்பதே பொருள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்தவர் ரங்காசாரியார். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் கணிதசாரசங்கிரகத்தின் படிகளை அவர் கண்டார். அவை முழுமையற்றவை. முழுநூலையும் பெற வேறிடங்களில் தேடினார். மூடபித்திரியில் சமணர் பாதுகாத்து வைத்திருந்த ஓலைச்சுவடியும் அவருக்கு உதவியது. அமெரிக்கக் கணித வரலாற்றாசிரியர் டேவிட் யூஜின் ஸ்மித் 1908இல் உரோமாபுரியில் நடைபெற்ற உலகக் கணித அறிஞர் மாநாட்டில் இந்நூலைப் பற்றி எடுத்துரைத்தார். ரங்காசாரியாரின் பதிப்பு ஆங்கில மொழிபெயர்ப்புடனும் ஸ்மித்தின் முன்னுரையுடனும் 1912இல் சென்னை அரசின் வெளியீடாக வந்தது. அதன்பின்னரே இவ்வாசாரியரின் பெயர் உலகக் கணித வரலாற்றில் உரிய இடம் பெற்றது. 1963இல் சோலாப்பூரிலிருந்து இந்தி மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

மூடபித்திரியின் தொண்டு இத்துடன் முடியவில்லை. அர்த்தச்சேதத்தை விளக்கும் தவளை உரையின் ஓலைச்சுவடிகளையும் நெடுங்காலம் காத்தது அவ்வூரே. அது 1939 முதல் அச்சேறத் தொடங்கியது. அவ்வூர்ச் சிராவகர் எல்லாரும் அச்சுவடிகளில் இருந்த கணிதத்தை உணர்ந்தவர்கள் அல்லர். உணராவிடினும் அறிவு அழியலாகாது என்று காத்தனர். உணரத் தக்கவர் ஒருநாள் வருவர் என்னும் நம்பிக்கை அவர்களை விட்டு நீங்கவில்லை.

நம் கடமை

உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என நம் சமயம் கூறும் தானங்கள் நான்கு. முதல் மூன்றன் பயனைக் கொடுத்தவரே கண்ணால் காணலாம். சாத்திர தானத்தின் பயனைக் கொடுத்தவர் காண்பதில்லை. மகாவீராசாரியரின் நூலை ஓலையில் எழுதிவைத்தவர் எவரும் அது சென்னையில் அச்சேறுவதையோ உரோமாபுரியில் பேசப்படுவதையோ காணவில்லை. ஆயினும் அவர்கள் எழுதியிராவிடில் இன்று நமக்கு இந்த ஆசாரியரும் இல்லை. அவர் கோத்த எண்மாலையும் இல்லை.

நம் ஊர்களில் பழைய வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் ஓலைச்சுவடிகள் இன்னும் இருக்கலாம். ஸ்ரீபுராணமோ, தோத்திரமோ, கணக்கோ, மருத்துவமோ, எதுவாயினும் படிக்கத் தெரியவில்லை என்று கைவிடலாகாது. அவற்றைத் தூய்மை செய்து, நிழற்படம் எடுத்து, பாதுகாக்கத் தக்க மடத்திலோ நூலகத்திலோ ஒப்படைத்தல் இக்காலத்துச் சாத்திர தானமாகும்.

மற்றொன்றும் செய்யலாம். திருநாளன்று வழிபாடு முடிந்து குடும்பத்தார் கூடியிருக்கும் வேளையில், பிள்ளைகளிடம் தாளும் எழுதுகோலும் கொடுத்து 27994681ஐ 441ஆல் பெருக்கச் சொல்லுங்கள். விடையை முன்னரே சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் பிழை செய்வர். அழித்து மீண்டும் எழுதுவர். இறுதியில் ஒன்று முதல் ஆறுவரை ஏறி இறங்கும் அந்த மாலை தாளில் தோன்றும்போது அவர்கள் முகத்தில் மலரும் மகிழ்ச்சியைப் பாருங்கள். மான்யகேடத்து வேந்தன் காலத்தில் ஒரு மாணாக்கன் அடைந்த மகிழ்ச்சியும் அதுவே. ஆயிரத்து நூற்றெழுபது ஆண்டுகள் கடந்தும் ஓர் ஆசாரியர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகின்றார். அவர் திருப்பெயரைப் போற்றுவோம். அவர் காட்டிய எண்ணறிவும் அருகப் பெருமான் அருளிய அறமும் நம் இல்லங்களில் வழிவழியாக வளர்க.